உலக நெருக்கடியில் வாழ்வது எப்படி? தத்துவத்திடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தத்துவ வாசிப்புக் கூட்டங்கள் நடத்துகிறேன். கொள்ளைநோய், போர், பருவநிலை என்று செய்திகள் வரிசைகட்டி வந்த ஆண்டுகளில், எந்த நூலை எடுத்து உட்கார்ந்தாலும் பேச்சு இந்தக் கேள்விகளில்தான் வந்து நின்றது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்களில் தத்துவவாதிகள் சொன்னது எது, என் கருத்து எது என்பது தெரியும்படி பிரித்திருக்கிறேன்.

உலகமே பத்திக்கிட்டு எரியுது. இப்பப் போய் தத்துவமா?

தத்துவம் தடுப்பூசி கண்டுபிடிக்காது, போரை நிறுத்தாது. அந்த வேலைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். முதல் மரியாதை அவர்களுக்குத்தான். ஆனால் நெருக்கடி வந்ததும் எந்த நிபுணரும் பதில் சொல்ல முடியாத கேள்விகளும் கூடவே வந்துவிடுகின்றன. எல்லாரையும் காப்பாற்ற முடியாதபோது யாரை முதலில் காப்பாற்றுவது? எவ்வளவு பயப்படுவது நியாயம்? முகம் தெரியாதவருக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன்? இவற்றுக்கு ஏதோ ஒரு பதிலை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொருவரும் நடக்கிறோம். யோசிக்காமல் வைத்திருக்கும் பதில் பெரும்பாலும் பயம் சொல்லிக்கொடுத்ததாக இருக்கும்.

வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று தத்துவத்தை நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோமத் தத்துவவாதி போயத்தியஸ் தன் புகழ்பெற்ற நூலை எழுதியபோது மரணதண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தார். ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் தனக்காக எழுதிக்கொண்ட குறிப்புகளில் ஒரு பகுதி போர்முனையில் எழுதப்பட்டது. அவருடைய ஆட்சிக்காலத்தில்தான் பேரரசு முழுக்கக் கொள்ளைநோய் பரவியது.

இது நிஜமாவே முன்னெப்பவும் இல்லாத காலமா, இல்ல நமக்குத்தான் அப்படித் தோணுதா?

இரண்டும்தான். கி.மு. 430இல் ஏதென்ஸைத் தாக்கிய கொள்ளைநோயைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடைடீஸ் எழுதியிருக்கிறார். அவரே அந்த நோயில் விழுந்து எழுந்தவர். இறந்தவர்களை முறையாக அடக்கம் செய்ய முடியாமல் போனது, நாளைக்கு இருப்போமா என்று தெரியாததால் மக்கள் கையிலிருந்ததை அன்றைக்கே செலவழித்தது, சட்டத்துக்கு அஞ்சாமல் நடந்தது என எல்லாம் அதில் இருக்கிறது. 2020ஐப் பார்த்தவர்களுக்கு அந்தப் பக்கங்களில் அந்நியமாக எதுவும் தெரியாது.

புதிதாக ஒன்று உண்டு. 1945இல் அணுகுண்டு வந்த பிறகு மனித இனம் தன்னையே மொத்தமாக அழித்துக்கொள்ளும் வலிமையைப் பெற்றுவிட்டது. நம்மால் செய்ய முடிவதற்கும் அதன் விளைவை நம்மால் கற்பனை செய்ய முடிவதற்கும் நடுவே பெரும் பள்ளம் விழுந்துவிட்டது என்று குந்தர் ஆண்டர்ஸ் எச்சரித்தார். ஹான்ஸ் யோனாஸ் 1979இல் இதையே அறத்தின் பக்கமிருந்து பார்த்தார். பழைய அறநூல்கள் பக்கத்தில் இருப்பவரையும் இன்றைய செயலையும் பற்றியே பேசின. நம் செயலோ இன்னும் பிறக்காதவர்களைப் போய்த் தொடுகிறது, அதற்குப் பழைய அறம் போதாது என்றார். ஆகவே உங்களுக்குத் தோன்றுவது வெறும் மனப்பிரமை இல்லை.

'நம்ம கையில இருக்கிறதை மட்டும் பாரு, மத்ததை விடு'ன்னு ஸ்டோயிக் ஆளுங்க சொல்றாங்களே, அது சுயநலம் இல்லையா?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். ஸ்டோயிக் என்பது பழைய கிரேக்க, ரோமத் தத்துவ மரபு. அதைச் சேர்ந்த எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர். சில விஷயங்கள் நம் வசத்தில் உள்ளன, சில இல்லை என்றுதான் அவருடைய கையேடு தொடங்குகிறது. நம் தீர்ப்பு, முயற்சி, விருப்பு, வெறுப்பு ஆகியவை நம் வசம். உடல், சொத்து, பதவி, பேர் ஆகியவை நம் வசத்தில் இல்லை. அடிமைக்கு இது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று யோசித்துப் பாருங்கள். எஜமான் எதை வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம், உள்ளே நடக்கும் தீர்ப்பை மட்டும் பிடுங்க முடியாது.

இதைப் படித்த எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. மார்கஸ் அரேலியஸும் இந்த வழி வந்தவர்தான். கொள்ளைநோய், எல்லைப்போர் இரண்டுக்கும் நடுவே கடைசிவரை ஆட்சிப் பொறுப்பைச் சுமந்தார். காற்று கெடுவதைவிட மனம் கெடுவது மோசமான கொள்ளைநோய் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். விளைவு கைவசம் இல்லை என்பதற்காகக் கடமையை விட்டுவிடலாம் என்று ஸ்டோயிக்குகள் சொல்லவில்லை.

ஆனாலும் அவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. எது நம் வசம், எது இல்லை என்ற எல்லையை அவர்கள் தனி மனிதனை வைத்தே வரைந்தார்கள். பலர் சேர்ந்தால் அந்த எல்லை நகர்கிறது. பெரியம்மையை ஒழிப்பது எந்த ஒரு மனிதரின் வசத்திலும் இருந்ததில்லை. பனிப்போரில் முறைத்துக்கொண்டிருந்த அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அந்த வேலையில் ஒத்துழைத்தன. 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது. எனவே 'இது என் கையில் இல்லை' என்று சொல்லி முடிப்பதற்கு முன், 'எங்கள் கையில் இருக்கிறதா?' என்றும் கேட்டாக வேண்டும். கீழே வரும் பல பதில்களுக்கு இதுவே அடிப்படை.

நாள் பூரா செய்தியே பார்க்கறேன். பார்க்கலைன்னா குத்த உணர்ச்சி, பார்த்தா பயம். என்ன செய்யறது?

புத்தர் சொன்ன அம்புக் கதை இதற்குப் பொருந்தும். ஒருவன்மேல் அம்பு பாய்கிறது. வலியில் துவண்டு, புலம்பி, மனதாலும் துன்பப்படுகிறவனுக்கு இரண்டாவது அம்பும் பாய்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. முதல் அம்பைத் தவிர்க்க முடியாமல் போகலாம். இரண்டாவது நாமே இழுத்துக்கொள்வது.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, கட்டைவிரல் மட்டும் ஓயாமல் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறதே, அந்த நேரத்தைக் கவனியுங்கள். பத்தாவது செய்தியில் முதல் செய்தியில் இல்லாத தகவல் பெரும்பாலும் இருக்காது, பதற்றம் மட்டும் ஏறியிருக்கும். துன்பப்படுகிறவர்களுக்கு நாம் பார்த்துக்கொண்டே இருப்பதால் பலன் இல்லை. பார்த்த பிறகு ஒரு காரியம் செய்தால்தான் பலன். எனவே ஒரு செய்தியைப் படித்ததும் 'இதை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்?' என்று கேளுங்கள். பணம் அனுப்புவது, யாருக்காவது போன் செய்வது, வாக்களிக்கும்போது நினைவில் வைப்பது என எதுவாகவும் இருக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் அன்றைக்கு அது போதும்.

அவ்வளவு பேர் செத்துக்கிட்டு இருக்காங்க. நான் மட்டும் சந்தோஷமா இருந்தா தப்பில்லையா?

புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது (194). ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், இன்னொருத்தியின் கண்ணீர் நிற்கவில்லை. இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவனைப் 'பண்பிலாளன்' என்றே திட்டிவிடுகிறார் புலவர். அப்புறம் முடிக்கிறார்: 'இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந் தோரே.' சாப்பறையைக் கேட்காதே என்று அவர் சொல்லவில்லை. கொடுமையைக் கொடுமை என்று உரக்கச் சொன்ன பிறகுதான் இனியதைக் காணச் சொல்கிறார். அந்த வரிசை முக்கியம்.

எதிர்ப்பக்கத்தில் பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வேய் நிற்கிறார். 1943இல் காசநோயோடு இங்கிலாந்தில் இருந்தபோது, ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சில் மக்களுக்குக் கிடைப்பதாக அவர் நம்பிய அளவுக்கு மேல் சாப்பிட மறுத்தார். 34 வயதில் இறந்துபோனார். அவருடைய நேர்மையின் முன்னால் நான் தலைகுனிகிறேன். ஆனால் அவர் சாப்பிடாததால் பிரான்சில் ஒருவருக்கும் ஒரு கவளம் கூடவில்லை. உங்கள் சந்தோஷம் பிறருடைய துன்பத்திலிருந்து கறந்தது இல்லையென்றால், அதை விட்டுக்கொடுப்பதால் அவர்களுக்கு ஒன்றும் போய்ச் சேராது. மற்றவரிடமிருந்து பறித்த வசதி என்றால் கேள்வியே வேறு; அதற்குச் சந்தோஷத்தைக் குறைப்பது பதிலாகாது, வசதியைத் திருப்பிக்கொடுக்க வேண்டும்.

சரி, அப்ப எவ்வளவு கொடுத்தா போதும்?

பீட்டர் சிங்கர் 1972இல் எழுதிய கட்டுரையின் எடுத்துக்காட்டு பலருக்குத் தெரிந்திருக்கும். குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. துணி சேறாகும் என்று யோசிக்காமல் இறங்கித் தூக்குவோம். தூரத்தில் இருக்கும் குழந்தைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம் என்று கேட்டார். கிழக்கு வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் தவித்தபோது எழுந்த கேள்வி அது. இன்றுவரை அதற்கு முழுத் திருப்தியான மறுப்பு வந்ததாக எனக்குத் தெரியவில்லை. தூரம் ஒரு சாக்கு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் குளங்கள் தீர்வதே இல்லை. சூசன் உல்ஃப் 1982இல் இதற்கு வேறு பக்கத்திலிருந்து வந்தார். ஒவ்வொரு நொடியையும் அறத்துக்கே கொடுத்துவிட்ட மனிதரின் வாழ்க்கையில் இசைக்கோ வாசிப்புக்கோ இடம் இருக்காது, அப்படி ஒரு வாழ்க்கையை நாம் உண்மையில் விரும்புகிறோமா என்று கேட்டார். இருவரையும் படித்தபின் நான் வந்து சேர்ந்த இடம் இது: இப்போது கொடுப்பதைவிட அதிகமாக, நின்றுபோகாமல் தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவு. பெரும்பாலானோருக்கு அந்த அளவு அவர்கள் நினைப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இதெல்லாம் இயற்கையோட கோபம், யார் என்ன பண்ண முடியும்?

1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரை நிலநடுக்கம் தகர்த்தது. கடவுள் இதை எப்படி அனுமதித்தார் என்று ஐரோப்பாவே விவாதித்தது. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் வேதனையோடு ஒரு கவிதை எழுதினார். அதற்கு ரூசோ 1756இல் எழுதிய கடிதத்தில் பார்வையே மாறுகிறது. ஆறேழு மாடி வைத்த இருபதாயிரம் வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையா என்று கேட்டார். துணியையும் பத்திரத்தையும் பணத்தையும் எடுக்கப் போய் எத்தனை பேர் செத்தார்கள் என்றும் கேட்டார்.

ஜூடித் ஷ்க்லார் 1990இல் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கினார். துரதிர்ஷ்டத்துக்கும் அநீதிக்கும் நடுவே உள்ள எல்லையை யார் வரைகிறார்கள் என்று பாருங்கள் என்றார். பாதிக்கப்படாதவர்களுக்குத் துரதிர்ஷ்டமாகத் தெரிவது பாதிக்கப்பட்டவர்களுக்கு அநீதியாகத் தெரியும். அவர்களிடம் கேட்காமல் தீர்ப்பெழுதக் கூடாது. வைரஸ் இயற்கைதான். யாருக்குப் படுக்கை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதில் இயற்கைக்குப் பங்கில்லை.

'தீதும் நன்றும் பிறர்தர வாரா'ன்னு கணியன் பூங்குன்றனாரே சொல்லிட்டாரே. அப்ப கஷ்டப்படறவங்க மேலதான் தப்பா?

இந்த ஒரு வரியை மட்டும் பிடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். பாட்டின் முடிவைப் படியுங்கள். ஆற்றுநீரின் போக்கில் போகும் புணைபோல உயிர் முறைவழிப் போகிறது என்பதை உணர்ந்துகொண்டோம் என்கிறார். ஆகவே 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.' விழுந்தவரைப் பார்த்து 'உன் வினை' என்று சொல்வதும் இகழ்தல்தான். அந்தப் பாட்டை வைத்தே அதைச் செய்வது பாட்டுக்குச் செய்யும் துரோகம். 'யாதும் ஊரே' என்று தொடங்கிய கவிஞர் வேறெப்படி முடித்திருப்பார்?

நெருக்கடின்னு சொல்லி அரசாங்கம் எல்லா உரிமையையும் பறிச்சா, ஒத்துக்கணுமா?

பிறருக்குத் தீங்கு வருவதைத் தடுப்பதற்காக மட்டுமே ஒருவர்மேல் அவர் விருப்பத்துக்கு மாறாக அதிகாரம் செலுத்தலாம் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதினார். தொற்றுநோயில் என் மூச்சே இன்னொருவருக்குத் தீங்கு. எனவே மில்லின் அளவுகோலை வைத்தே கட்டுப்பாடுகள் சிலவற்றை நியாயப்படுத்தலாம். இத்தாலியத் தத்துவவாதி ஜியார்ஜியோ அகம்பென் 2020 பிப்ரவரியில், இத்தாலி இல்லாத கொள்ளைநோயைக் காரணம் காட்டி அவசரநிலையை வழக்கமாக்குகிறது என்று எழுதினார். நோயைப் பற்றி அவர் போட்ட கணக்கு தவறு; அடுத்த வாரங்களின் சாவுகளே அதைக் காட்டின. அதிகாரத்தைப் பற்றிய அவருடைய எச்சரிக்கையை அதற்காகத் தூக்கிப்போட முடியாது.

நான் மூன்று விஷயம் பார்ப்பேன். கட்டுப்பாட்டுக்கு முடிவுத் தேதி இருக்கிறதா? அதை எதிர்த்துக் கேட்க நீதிமன்றமோ சட்டமன்றமோ திறந்திருக்கிறதா? ஏழையின் தோளில் மட்டும் பாரம் ஏறுகிறதா? உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவை 2020 ஜனவரி 30 அன்று சர்வதேச அவசரநிலை என்று அறிவித்தது; 2023 மே 5 அன்று அந்த அவசரநிலை முடிந்தது என்றும் அறிவித்தது. தொடங்கியவர்களே முடித்தும் காட்ட வேண்டும்.

ஒரே ஒரு வென்டிலேட்டர், ரெண்டு நோயாளி. யாருக்கு?

விளைவைப் பார்க்கிறவர்கள் 'பிழைக்க வாய்ப்பு அதிகம் உள்ளவருக்கு' என்பார்கள். ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டின் வழி வருகிறவர்கள் எந்த உயிருக்கும் விலை போட முடியாது என்பார்கள்; வாய்ப்பு சமமாக இருந்தால் குலுக்கல்கூட நியாயம்தான் என்று அவர்களில் சிலர் ஒப்புக்கொள்வார்கள். பணம், பதவி, தெரிந்த ஆள் ஆகியவற்றை இரு தரப்புமே ஏற்காது. விதியை முன்கூட்டியே, வெளிப்படையாக வகுத்துவைக்க வேண்டும். அந்தத் தீர்ப்பைக் களைத்துப்போன ஒரே மருத்துவரின் தலையில் கட்டுவது கொடுமை. ஒன்றுதான் இருக்கிறது என்ற நிலை எப்படி வந்தது என்பதையும் கேட்க வேண்டும். அதற்கு மேலே ரூசோவையும் ஷ்க்லாரையும் பாருங்கள்.

நான் ஒருத்தி திருந்தினா என்ன மாறிடப் போகுது?

டெரெக் பார்ஃபிட் 1984இல் இதற்கு ஒரு பயங்கரமான கற்பனையை வைத்தார். ஆயிரம் சித்திரவதைக்காரர்கள், ஆயிரம் கைதிகள். ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். ஒரு பொத்தான் ஒவ்வொரு கைதிக்கும் கூட்டுகிற வலி, உணரவே முடியாத அளவு சிறியது. ஆயிரமும் சேர்ந்தால் தாங்க முடியாத வேதனை. 'நான் அழுத்தியதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை' என்று ஒவ்வொருவரும் உண்மையாகவே சொல்லலாம். ஆனாலும் எல்லாரும் சித்திரவதைதான் செய்திருக்கிறார்கள். பருவநிலை மாற்றத்தில் நம் நிலை ஏறக்குறைய இதுதான்.

இதைக் கேட்டதும் சிலர் குற்ற உணர்ச்சியில் முடங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஐரிஸ் மரியன் யங் உதவுவார். ஒரு கெட்ட அமைப்பில் பங்கேற்கிறோம் என்பதால் நாம் குற்றவாளிகள் ஆகிவிடுவதில்லை, பொறுப்பாளிகள் ஆகிறோம் என்றார். அந்தப் பொறுப்பைத் தனியாக நிறைவேற்ற முடியாது, பிறரோடு சேர்ந்து அமைப்பை மாற்றித்தான் நிறைவேற்ற முடியும் என்றார். எபிக்டெட்டஸோடு நான் போட்ட சண்டையை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அபூர்வமாக ஒற்றை ஆள் மேலேயும் எல்லாம் வந்து விழும். 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கை நிலையத்தில் பணியில் இருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ், அமெரிக்க ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகக் கணினி சொன்னபோது அதைப் பொய் எச்சரிக்கை என்று முடிவு செய்தார். உண்மையான தாக்குதல் ஐந்தே ஏவுகணைகளோடு தொடங்காது என்று யோசித்தார். அவர் கணித்ததே சரி. நம்மில் பெரும்பாலோர் அந்த நாற்காலியில் ஒருநாளும் உட்காரப் போவதில்லை. அதனால்தான் கூட்டாகச் செய்யும் வேலையைப் பற்றி அதிகம் பேசுகிறேன்.

நம்பிக்கை வைன்னு சொல்றது நம்மை நாமே ஏமாத்திக்கறது இல்லையா?

'எல்லாம் நல்லபடியா முடியும்' என்பது கணிப்பு. அது பொய்யாகலாம். நம்பிக்கைக்கு அந்தக் கணிப்பு தேவையில்லை. ஜோனதன் லியர் 2006இல் வெளியான நூலில், அமெரிக்காவின் க்ரோ பழங்குடித் தலைவர் பிளென்ட்டி கூவைப் பற்றி எழுதினார். காட்டெருமைகள் அழிந்தன, வேட்டையும் போரும் முடிந்தன, வீரம் என்றால் என்ன என்பதற்கான பொருளே போய்விட்டது. 'அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை' என்றார் அந்தத் தலைவர். ஆனாலும் தன் மக்கள் வாழ்வதற்கு ஏதோ ஒரு நல்ல வழி இருக்கும், அது எப்படி இருக்கும் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை என்ற நிலையிலேயே அவர்களை நடத்திக்கொண்டு போனார்.

இதை வெறும் ஆறுதல் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் உருவானது. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதில் சேர்ந்தன. நடக்கவே நடக்காது என்று கைவிட்டிருந்தால் நடந்திருக்காது. 'நெருக்கடியே வாய்ப்பு' என்று உற்சாகமாகப் பேசுகிறவர்களோடு மட்டும் என்னைச் சேர்க்காதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் அதைச் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட உலகத்துல குழந்தை பெத்துக்கலாமா?

இதற்கு உங்களுக்காக யாரும் முடிவெடுக்க முடியாது, நானும் எடுக்கப் போவதில்லை. யோசிக்க இரண்டு விஷயம் தருகிறேன். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிய ஹன்னா அரெண்ட், ஒவ்வொரு பிறப்பிலும் முன்பு இல்லாத புதுத் தொடக்கம் ஒன்று உலகத்துக்குள் வருகிறது என்பதை அரசியலுக்கே அடிப்படையாக வைத்தார். அவர் குழந்தை பெறவில்லை. புதிதாகத் தொடங்கும் அந்த ஆற்றலைச் செயலிலும் பார்த்தார். எனவே பெறாதவர்கள் எதிர்காலத்தைக் கைவிட்டவர்கள் ஆகமாட்டார்கள்.

இரண்டாவது, சாமுவேல் ஷெஃப்லரின் கேள்வி. நீங்கள் முழு ஆயுளும் வாழ்வீர்கள், ஆனால் நீங்கள் இறந்த முப்பதாம் நாள் பூமி அழிந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது செய்கிற வேலையில் எத்தனை உங்களுக்கு அர்த்தமுள்ளதாகப்படும்? ஆராய்ச்சி, பாட்டு, மரம் நடுவது எல்லாமே வெளிறிப்போகும். இன்னும் பிறக்காத, நமக்கு உறவே இல்லாத மனிதர்களை நம்பித்தான் நாம் இன்றைக்கு வாழ்கிறோம் என்று அவர் காட்டினார். உங்கள் முடிவு எதுவானாலும் அவர்கள் உங்களுக்கு முக்கியமானவர்கள்.

எல்லாம் படிச்சாச்சு. இன்னும் பயமாத்தான் இருக்கு.

பயம் தவறில்லை. மேலே சொன்ன யோனாஸ், இழக்கப்போவது என்ன என்பதைப் பயம்தான் நமக்குக் காட்டுகிறது, ஆகவே அதைக் கூப்பிட்டு வைத்து ஆலோசனை கேளுங்கள் என்றார். புறநானூறு 182இல் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, இந்த உலகம் யாரால் நிலைக்கிறது என்று பட்டியலிடும்போது 'துஞ்சலும் இலர், பிறர் அஞ்சுவது அஞ்சி' என்கிறார். அஞ்ச வேண்டியதற்கு அவர்களும் அஞ்சினார்கள், அதனாலேயே சோம்பியிருக்கவில்லை. பயம் தூக்கத்தையும் சாப்பாட்டையும் வேலையையும் வாரக்கணக்கில் கெடுத்தால் புத்தகத்தை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அந்த இடத்தில் தத்துவம் போதாது.

பிள்ளை 'உலகம் அழிஞ்சிடுமா?'ன்னு கேக்குது. என்ன சொல்றது?

பொய் சொல்லாதீர்கள். எல்லாம் சரியாகிவிடும் என்ற வாக்குறுதி பொய்யாகப் போனால் அடுத்த முறை உங்களிடம் கேட்க வரமாட்டார்கள். 'கஷ்டமான காலம்தான், அதைச் சரிசெய்ய நிறையப் பேர் வேலை செய்கிறார்கள்' என்பது உண்மை. அந்தப் பேர்களில் சிலரை அடையாளம் காட்டுங்கள். ஏதென்ஸ் கொள்ளைநோயில் நோயுற்றவர்களிடம் அதிகம் இரக்கம் காட்டியவர்கள், அதே நோயிலிருந்து மீண்டு வந்தவர்கள்தான் என்று தூசிடைடீஸ் எழுதியிருக்கிறார். அது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளைக்குப் புரியும் கதை அது.

பிறகு அந்த வயதுக்கு ஏற்ற ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். விளையாட்டுக்காகக் கொடுப்பது வேண்டாம், நிஜமாகவே யாருக்காவது பயன்படுகிற வேலையாக இருக்கட்டும். நீங்களும் கூட உட்கார்ந்து செய்யுங்கள்.